முகம் கழுவ இனி எதுவும் அனுப்ப வேண்டாம்

மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கே நானும் என் மகளும் நலம். உங்கள் மகள் நலமாக இல்லை. போனில் உங்கள் குரல் உயர்ந்தாலே என் நாக்கு ஒட்டிக்கொள்கிறது, அதனால் எழுதுகிறேன். "அப்பா, அவர்கிட்ட எதுக்கு வம்பு, விடுங்க" என்று உங்கள் மனைவி தடுத்தாள். இந்த வயதில் ஒரு வம்பாவது வளர்த்துவிட்டுப் போகிறேன்.

நீங்கள் கடைசியாக அனுப்பிய பார்சலும் வந்தது. கரித்தூள் போட்டது, களிமண் போட்டது, ஏதோ அமிலம் போட்டது என்று குளியலறை அலமாரியில் என் ஷேவிங் பிரஷ் வைக்க இடமில்லை. "ஒரே ஃபேஸ்வாஷ்னா தோலுக்குப் பழகிடும், மாத்திக்கிட்டே இருக்கணும்" என்கிறீர்கள். வீடியோ காலில் ஒரு பரு தெரிந்தால் போதும், புது ஃபேஸ்வாஷ் குழாய் வாசலில் வந்து நிற்கிறது. அப்பா சொன்னாரே என்று அவளும் பழையதைப் பாதியில் விட்டுவிட்டுப் புதியதைப் பிதுக்குகிறாள். பரு போகவில்லை. கன்னம் செதில் செதிலாக உரிந்தது. வெறும் தண்ணீர் பட்டாலே எரிந்ததாம்.

தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். நீங்கள் நாலு இடம் பார்த்தவர், உங்கள் பேச்சில் உண்மை இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம், அவரிடமே கேட்டேன். அந்த அம்மாள், "தோல் பழகிப் போறதெல்லாம் இல்லீங்க ஐயா. இப்படி மாத்தி மாத்திப் போட்டா எது கேட்டுச்சு, எது புண்ணாக்குச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். மென்மையான ஒன்று, காலையும் இரவும். பருவுக்கு ஒரு களிம்பு. மாதக்கணக்கில் பொறுமை. ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டும் மாற்றலாம். அதன்படி செய்தாள், எரிச்சல் அடங்கி வந்தது.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டீர்கள். வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது என்று ஆசையாகச் சொன்னாள். "இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா? எவன் வேலை குடுப்பான்?" என்று சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். போனை வைத்தபின் குளியலறைக்குள் போய், அலமாரியில் இருந்த அத்தனையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். கதவைத் தட்டித் தட்டி எனக்குக் கை வலித்தது. வெளியே வந்தபோது முகமெல்லாம் செக்கச்செவேலென்று, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மறுபடி மருத்துவரிடம் ஓடினோம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "இண்டர்வியூக்கு நான் போகல தாத்தா" என்கிறாள்.

'என் பேச்சு தவறானால் பொறுத்துக்கொள்ளவும்' என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தில் பருவைத் தவிர வேறெதுவும் உங்கள் கண்ணில் படவில்லையா?

குழாய்களை எல்லாம் குப்பையில் போட்டாயிற்று. இனி வந்தால் கூரியர்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்களுக்குச் செய்யும் மரியாதை அதில் குறைந்தால் குறையட்டும்.

நேர்காணலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு தடவை அவளைக் கூப்பிடுங்கள். வீடியோ வேண்டாம், குரல் போதும். என்ன வேலை, என்னவெல்லாம் கேட்பார்கள், என்ன தயார் செய்திருக்கிறாய் என்று கேளுங்கள். நான் சொன்னால் தலையாட்டுகிறாள், கிளம்பமாட்டேன் என்கிறாள். நீங்கள் சொன்னால் போவாள். கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாத்தா