தொட்டியில் ஒரு கல்

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. கிணற்றுத் தவளை என்று என்னைத் திட்டிவிட்டு, வேலையை விட்டுவிட்டு எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்றும் கேட்டிருந்தீர்கள்.

மூன்றாம் வகுப்பில் கண்ணாடித் தொட்டி வைத்துத் தலைப்பிரட்டை வளர்க்கிறோம். கால் முளைத்ததும் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் இரண்டு செத்து மிதந்தன.

“தவளை எப்படி டீச்சர் தண்ணியில மூழ்கிச் சாகும்?” என்று வகுப்பு வாயாடி சண்டைக்கே வந்துவிட்டாள்.

“கால் வந்தப்புறம் அதுவும் நம்மள மாதிரி காத்தை இழுத்து மூச்சு விடணும்மா. ஏறி உட்கார இடம் வைக்காம விட்டுட்டோம்.”

அவளே ஓடிப்போய் மைதானத்திலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டாள். மிச்சமிருந்த குட்டித் தவளைகள் அதில் ஏறி உட்கார்ந்து எங்களை முறைத்தன.

“மறுபடி தண்ணிக்குள்ள போகுமா டீச்சர்?”

“தோணுறப்போ போகும்.”

பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துவிட்டு மாலையில் திரும்பிவிடுவேன் என்று அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் இங்கே வந்தால் உட்கார நாற்காலி இருக்கிறது.

கிணற்றுத் தவளைக்கும் ஏறி உட்கார ஒரு கல் வேண்டும். என் சைக்கிளை அனுப்பி வையுங்கள்.

உங்கள் மனைவி,
மூன்றாம் வகுப்பு டீச்சர்