பதினோரு தடவை கூப்பிட்டேன்

முகையூர்
9.12.2024

அன்பு இசைவாணிக்கு,

மழை விட்டது. நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் இந்தக் கடுதாசி. நம் மகளிர் குழுக்களின் வெள்ளச் சங்கிலியில் திருக்கோவிலூர்ப் பெண்கள் எனக்குச் சொல்ல வேண்டும், நான் உனக்கு, நீ உன் தெருவுக்கு. வெள்ளத்தன்று மதியம் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று அவர்கள் சொன்னதும் உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். எல்லாமே பிஸி. உன் தெருவில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. இப்போது, "காந்திமதி தகவலே சொல்லல, அவள சங்கிலியிலருந்து தூக்கிடணும்" என்கிறார்களாம். உன் தெரு முனியம்மாளின் நாலு ஆடும் வெள்ளத்தில் போனது என்னால்தானாம். நீ வாயே திறக்கவில்லையாமே! ஐந்து வருடம் அலைந்து சேர்த்த சங்கிலியம்மா இது. இருபத்தோராம் தேதி கூட்டத்துக்கு முன் உன் போனைப் பார்த்துச் சொல்.

அக்கா காந்திமதி

பிடாகம்
12.12.2024

அக்காவுக்கு,

பார்த்தேன். உங்கள் நம்பரை நான்தான் பிளாக் செய்திருந்தேன். என் மகள் மஞ்சள் நீராட்டுக்கு வந்தீர்கள், பந்தலில் உட்கார்ந்தீர்கள், "வயிறு சரியில்ல" என்று கை நனைக்காமல் கிளம்பினீர்கள். அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டில் பஜ்ஜி தின்றதை எங்கள் தெருவே பார்த்தது. குழுவில் ஒரே பாயில் உட்காரலாம், எங்கள் வீட்டுச் சோறு மட்டும் ஆகாதா? அந்த ஆத்திரத்தில்தான் பிளாக் செய்தேன். ஆனால் முனியம்மாள் முகத்தை இப்போது பார்க்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் என்னைத் துரத்திவிடுவார்கள், பயமாக இருக்கிறது.

இசைவாணி

முகையூர்
16.12.2024

இசை,

வயிற்றுவலி பொய். "அங்க கை நனைச்சிக்கினு இந்த ஊட்டுக்குள்ள வராத" என்று மாமனார் சொல்லித்தான் அனுப்பினார். பயந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் கூட்டத்துக்கு வரவில்லை. என்னைத் தூக்கினால் தூக்கட்டும், உன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். சங்கிலி அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

காந்திமதி

பிடாகம்
23.12.2024

அக்காவுக்கு,

நீங்கள் வராதது தப்பு. நானே எழுந்து சொல்லிவிட்டேன். முனியம்மாள் கத்தின கத்தல் இருக்கிறதே! "உங்க சண்டையில என் ஆடு ஏண்டி சாவணும்?" என்றாள். அழுதுவிட்டேன்.

கடைசியில் வழி சொன்னதும் அவள்தான். இனி ஒவ்வொரு தெருவிலும் மூன்று பேர் போனுக்குத் தகவல் வரும், வெவ்வேறு ஊரிலிருந்து. எங்கள் தெருவுக்கு முனியம்மாள், வெண்ணிலா, நான். என்னை வேறொரு ஊர்க் குழுவின் ஆரோக்கியசெல்வி கூப்பிடுவாள். உங்களையும் யாரும் தூக்கவில்லை, வெண்ணிலாவுக்குச் சொல்வது உங்கள் வேலை.

ஆக, தண்ணீருக்காக இனி நீங்கள் என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை. உங்கள் நம்பரை நேற்று திறந்துவிட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை, நன்றாகத் திட்டப் போகிறேன். கூப்பிடுங்கள்.

இசைவாணி