கமாவுக்குக் கூச்சல் போட்ட துபாஷி

1964, கார்த்திகை 4, வியாழன்

ஊதக்காற்று. துணி காயவில்லை. முதியோர் இரவுப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றபின் எழுதும் முதல் பக்கம். எழுத்து, நண்டு நடந்த மணல் போல. ஒரு வரி முடிவதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். படிக்கப்போவது நான்தான், பொறுத்துக்கொள்வேன்.

தன் தங்கை நிக்காஹுக்காக என் மகன் ஜமால் பம்பாயிலிருந்து வந்தான். கையில் தகரப் பெட்டி. அல்வா என்று நினைத்தேன். உள்ளே ஓட்டை போட்ட அட்டைகள்.

"கம்ப்யூட்டருக்கு நம்பர்தான் வாப்பா தெரியும். இப்ப ஃபோர்ட்ரான்னு புதுப் பாஷை வந்திருக்கு. அதுல எழுதி, அட்டைக்கு ஒரு வரியா ஓட்டை போட்டுக் குடுத்தா, கம்பைலர்னு ஒண்ணு நம்பரா மாத்திக் குடுக்கும்."

"துபாஷின்னு சொல்லு."

கொழும்புத் துறைமுகத்தில் பாஷை மாற்றிச் சொல்லும் துபாஷிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! பாதிப் பேர் திருடர்கள். ஆனாலும் அரைப் பேச்சிலேயே முழுதும் புரிந்துகொள்வார்கள். பம்பாய்த் துபாஷியோ, ஒரு கமா விட்டுப்போனால் அத்தனை அட்டையையும் திருப்பி எறிகிறதாம். பிழை எங்கே என்று நேராகச் சொல்லவும் தெரியாதாம். மூன்று மாதமாக இதே கூத்து. இதற்குச் சம்பளம் வேறு.

5, வெள்ளி

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. பிரியாணியில் உப்பு குறைவு. யாரும் சொல்லவில்லை.

ஜமால் மூலையில், அட்டையும் கையுமாக. கொங்கண் கரையில் கட்டப்போகும் படகுத்துறைக் கணக்காம். தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று. இந்தத் தடவையும் ஓடாவிட்டால் அதிகாரி வேலையைக் கையால் கணக்குப் போடும் பழைய ஆட்களிடம் கொடுத்துவிடுவார். ஜமாலுக்கு அப்புறம் கிட்டங்கியில் சாமான் எண்ணுகிற வேலைதான்.

6, சனி

அட்டைகள் கடல் ஈரத்தில் உப்பிவிட்டன. "இப்படியே போட்டா மெஷின்ல சிக்கிக்கும்" என்று புலம்பிவிட்டு ஜமால் சம்பந்தி வீட்டுக்குப் போனான். மாடியில் பாய் விரித்தேன். நெத்திலி போலப் பரப்பி, கல் வைத்து, திருப்பிப் போட்டு, காய்ந்ததும் வாரிக் கட்டினேன். வந்து பார்த்தவன் முகம் செத்துவிட்டது.

"வாப்பா, இது வரிசை! முன்ன பின்ன மாறக்கூடாது!"

"கருவாட்டுக்கு ஏதுடா முன்ன பின்ன?"

என் வீட்டுக்காரி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவசரத்தில் அட்டைக்கு நம்பர் போடவில்லையாம். எழுதிய தாளையும் கிழித்துவிட்டானாம். நினைவிலிருந்தே அடுக்கினான், பொழுது சாயும்வரை. அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்.

8, திங்கள்

நேற்று ஜமாலை ரயில் ஏற்றிவிட்டேன். இன்று மாடியில் பாயைச் சுருட்டினால், ஒரு கல்லுக்கடியில் ஓர் அட்டை. தந்தி அடிக்கலாமென்று செருப்பை மாட்டினேன். பிறகு யோசித்தேன். கமாவுக்கே கூச்சல் போடுகிற துபாஷி, முழு அட்டையைக் காணோம் என்றால் ஊரையே கூட்டாதா? பிள்ளை கண்டுபிடித்து எழுதுவான்.

17, புதன்

வெயில். ஜமாலிடமிருந்து கார்டு. நானே படித்தேன்! இரண்டு தடவை, சத்தமாக, தெருவுக்கே கேட்க.

"வாப்பா, இந்தத் தடவை கம்பைலர் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை. விடை வந்துவிட்டது. அதிகாரிக்குச் சந்தோஷம். வெள்ளியன்று கணக்கை ஒப்படைக்கிறேன்."

ஒரு பிழைகூடச் சொல்லவில்லையாம். அட்டையோ என் கையில். ஒரு வரி குறைந்த கணக்குக்கு விடை எப்படிச் சரியாகும்? ஆணி குறைந்ததற்குச் சண்டை போட்டவன் படகே காணாமல் போனதைப் பார்க்கவில்லை. தூ! இதுவும் ஒரு துபாஷியா?

சொன்னால் ஜமாலுக்குக் கிட்டங்கி. சொல்லாவிட்டால், அந்தத் தூண்மேல் நாளை மூட்டையோடு ஆட்கள் நிற்பார்கள்.

தபாலாபீஸ் போனேன். தந்தித் தாளில் நானே எழுதினேன், கைநாட்டு இல்லாமல். குமாஸ்தா தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்ன பாய், அங்கங்க எழுத்தையே காணோம்? கணக்கைக் குடுக்கச் சொல்றீகளா, வேணாங்கிறீகளா?"

"குடுக்க வேணாம். ஒரு அட்டை இங்கன கெடக்கு."

இங்கிலீஷில் மாற்றி அடித்துவிட்டான். அவனுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டான். துபாஷி என்றால் இவன்.

அட்டையைப் பதிவுத் தபாலில் விட்டேன். வெள்ளிக்குள் தந்தி கிடைக்க வேண்டும். ஜமாலின் பதில் வர அடுத்த புதன் ஆகும்; இந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி அதற்கு. இப்போதைக்கு வெறுமையாகவே கிடக்கட்டும்.