சிவப்புப் பெட்டியும் சாப்பாட்டு டப்பாவும்

தம்பி,

சென்ற வாரம் பெங்களூர் கலாசிபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தேன். சந்துக்குள் இரும்பு கடையும் ஒரு சின்ன லேத் பட்டறை. சூடேறிய உலோகத்தின் மேல் சோப்புத் தண்ணீர் விழும்போது கிளம்பும் வாடை மூக்கில் ஏறியதும் என் கால்கள் நின்றுவிட்டன. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இனி யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. ஆனாலும் பழைய பயம் பிடித்துக்கொண்டது.

இந்தப் பயம் எனக்கு எங்கே பிடித்தது என்று உனக்குத் தெரியும். நாற்பத்தேழில் வெள்ளைக்காரப் பட்டாளம் கண்டோன்மெண்டைக் காலி செய்தபோது ராணுவப் பட்டறையிலிருந்து எங்களையும் அனுப்பிவிட்டார்கள். ஊர் கொடியேற்றி மிட்டாய் தின்ற நாட்களில் நான் ஒவ்வொரு கம்பெனி கேட்டாகப் போய் நின்றேன். அல்சூரில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான் நின்றார்கள். பிறகு ஜெர்மன்காரர்களின் கூட்டோடு தொடங்கிய பம்ப் தொழிற்சாலையில் எனக்கு ஒரு லேத் கிடைத்தது. உள்ளே வந்துவிட்டேனே தவிர, கண் மட்டும் கேட்டுக்கு வெளியேதான் இருந்தது. அங்கே வேலை கேட்டு நின்றவர்கள் எல்லோரும் என் லேத்தையே பார்ப்பதாகத் தோன்றும்.

நீ ஐந்தாறு வருடம் கழித்துப் பக்கத்து லேத்துக்கு வந்தாய். ஒரு வருடப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்ப ஆள் எடுத்தபோது உன்னை எடுத்தார்கள். உன்னிடம் சர்டிபிகேட் இருந்தது. நான் பழைய பேப்பர் கடையில் புத்தகம் வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, வரைபடம் பார்க்க நானாகக் கற்றவன். மெஷினுக்கு சர்டிபிகேட் தெரியுமா என்று மேஸ்திரியிடமே கேட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ திரும்பி வந்த முதல் நாள் டீக்கடையில் எல்லோரும் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன், “அங்க லேத் ஓட்றவன் காரு வெச்சிருக்கானாமே, நெஜமாப்பா?” என்றான்.

“சில பேரு வெச்சிருக்காங்க.”

“நீ எதுல போன?”

“நடந்துதான். பனியில ரெண்டு வாட்டி விழுந்தேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாய்: “காரு கெடக்கட்டும்ண்ணே. அங்க ஒவ்வொரு மெஷின் பக்கத்துலயும் ஒரு செவப்புப் பெட்டி இருக்கு. பீஸு கெட்டுப்போச்சுன்னா அவனே எடுத்து அதுல போட்டுட்டு, போர்மேன கூப்புட்டுக் காட்றான். ஏன் கெட்டுச்சுன்னு ரெண்டு பேரும் குனிஞ்சு பார்க்குறாங்க. சத்தம் போட மாட்டாங்க.”

நம்மிடம் அந்தப் பெட்டிக்குப் பதிலாக சாப்பாட்டு டப்பா இருந்தது. பம்ப்பின் தண்டு சுழலும் புஷ்ஷின் உள்துளையை நூலளவு அதிகம் குடைந்துவிட்டால் அதை யாரிடமும் காட்ட மாட்டோம். வெண்கல வளையம், உள்ளங்கை அளவு. டப்பாவின் அடியில் போட்டு, மீந்த சோற்றால் மூடி, கேட்டைக் கடந்து போய் அல்சூர் ஏரியில் எறிவோம். காவலாளி பிடித்தால் வேலையைக் கெடுத்தவன் திருடனாகவும் ஆவான். அது தெரிந்தும் செய்தோம். அந்த ஏரியில் நான் எறிந்தவை எத்தனை என்று எனக்கே தெரியாது.

நீயோ உன் லேத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குச் சிவப்பு அடித்து வைத்தாய். நான் எதிர்த்தேன். சாயங்காலம் நடந்து திரும்பும்போதெல்லாம் நமக்கு அதே சண்டை.

“யுத்தத்துல அவங்க ஊரு தரைமட்டம்ண்ணே. நம்ம சுதந்திரம் வாங்குனப்ப அவங்க செங்கல் பொறுக்கிட்டிருந்தாங்க. இப்ப எங்க இருக்காங்க பாருங்க. பயப்படாம தப்ப ஒத்துக்கிட்டாங்க, அதான்.”

“போடா. அங்க ஒருத்தன வெளிய அனுப்புனா மறுநாளே வேற கம்பெனி கூப்புடுது. அவன் ஏன் பயப்படணும்? இங்க என்னை அனுப்புனா ஒரு நாதி இல்ல. மொதல்ல பணம் வரணும். அப்புறந்தான் பயம் போவும்.”

“நீங்க தலைகீழா சொல்றீங்க.”

“நான் நேராத்தான் சொல்றேன். நீதான் ஒரு வருசம் கோட்டு போட்டுக்கிட்டுத் தலைகீழாக் கத்துக்கிட்டு வந்துட்ட.”

அந்தச் செவ்வாய்க்கிழமையை நீ எனக்கு நினைவூட்ட வேண்டாம். என் லேத்தில் மாட்டிய உளியின் முனை பெயர்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. மூன்று புஷ்கள் வரிசையாகக் கெட்டன. அன்று பார்த்து கேட்டில் எல்லோருடைய டப்பாவையும் திறந்து கொட்டிப் பார்க்கிறார்கள் என்று சேதி வந்தது. நீ டீ குடிக்கப் போயிருந்தாய். மூன்றையும் எடுத்து உன் சிவப்புப் பெட்டியில் போட்டேன். அதில் ஏற்கெனவே உன்னுடையவை இரண்டு கிடந்தன.

மறுநாள் மானேஜர் அந்தப் பெட்டியைத் தன் மேசைமேல் கவிழ்த்தார். பக்கத்து லேத்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஒரே வாரத்துல அஞ்சு! இதுக்கா கப்பல் ஏத்தி அனுப்புனோம்? வேணும்னே பண்றியா?” என்றார்.

நீ குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாய். ஒவ்வொருவன் உளியும் உலோகத்தில் விட்டுச்செல்லும் வரி வேறு. உன்னைப்போன்ற கைக்காரனுக்கு அது கையெழுத்து மாதிரி. மூன்றாவதை எடுத்தபோது உன் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னை ஒரு தடவை பார்த்தாய்.

“அஞ்சும் உன்னுதா?”

“என் பெட்டியில இருக்கு சார்.”

மானேஜர் என் பக்கம் திரும்பினார். “நீ ஏதாவது பார்த்தியா?”

“நான் ஒண்ணும் பார்க்கலீங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னேன். உன் லேத்தை எடுத்துவிட்டார்கள். பம்ப்புகளை அனுப்பும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் கொட்டகைக்கு உன்னைத் தள்ளினார்கள். நுணுக்க வேலை கற்க ஜெர்மனி போய் வந்த கை, கடைசி வரை சுத்தியல்தான் பிடித்தது. சிவப்புப் பெட்டி வைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். எல்லோரும் முன்புபோல டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனோம்.

அந்த மூன்றைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்கவில்லை. தினமும் டீக்கடையில் எனக்கும் சேர்த்தே டீ சொன்னாய். நீ கேட்டிருந்தால் நான் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். ஒவ்வொரு நாளும், இன்று கேட்கப் போகிறாய் என்று நடுங்கியபடியே அந்த டீயைக் குடித்தேன். நாலு வருடம். பிறகு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது.

பட்டறை வாடை பட்ட அன்றே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அமெரிக்காவிலிருந்து வந்த ரேஷன் கோதுமையை முறத்தில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: “அம்மா, அன்னைக்கு அந்த அஞ்சுல மூணு என்னுது.”

அவள் கை நிற்கவில்லை. “தெரியும்ண்ணா. அன்னைக்கே சொன்னாரு. அண்ணனே வந்து சொல்லுவாரு, நீ எதுவும் கேக்காதன்னாரு.”

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத்தினி வருசம் எங்க போச்சுண்ணா இந்த வாயி? பயம் போயிடுச்சா, இல்ல பி.எஃப். பணம் கைக்கு வந்துடுச்சா?”

படியிறங்கித் திரும்பிவிட்டேன்.

தம்பி, நம் சண்டையில் நான் பிடித்த பிடியை இப்போதும் விடவில்லை. பணம் வந்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது. நான் சொன்னதற்கு நானே சாட்சி. பயம்தான் ஏழை நாட்டின் நோய், அதற்குச் சோறுதான் மருந்து என்று யாரிடமும் வாதாடுவேன். ஆனால் உன்னை வைத்துப் பார்க்கும்போது அந்த வாதம் இடறுகிறது. உனக்கும் பணம் இல்லை. நாம் இருந்தது ஒரே நாடு, ஒரே தெரு, ஒரே கேட். வெளியே நின்றவர்கள் உன் லேத்தையும்தான் பார்த்தார்கள். நீ எப்படி அந்தப் பெட்டியை வைத்தாய்?

வேலை போய்விடும் என்ற பயம் என்னை விட்டுவிட்டது. நீ சொன்னதுதான் சரியோ என்ற பயம் இப்போது பிடித்திருக்கிறது.