ஆணியடிக்காத கடிதம்

பச்சை ஆற்றுத் துறை,
ஆகஸ்ட் 28, 1853.

அன்புத் தங்கை மெர்சிக்கு,

அக்கா கெத்தூரா எழுதுகிறேன். மிசௌரியில் நீயும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் புருஷன் ஆமோஸ் மேற்கே முன்னால் போகிறார், அடுத்த வசந்தத்தில் நீயும் புறப்படுவாய் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது.

வியாபாரத்துக்குக் குறைவில்லை. களைத்த மாடு இரண்டை வாங்கிக்கொண்டு தேறிய மாடு ஒன்றைக் கொடுக்கிறேன். மேற்கே குடியேறப் போகும் வண்டிக்காரர்கள் திட்டிக்கொண்டே வாங்குகிறார்கள். திட்டு என் தோலில் ஒட்டாது, உனக்குத்தான் தெரியுமே. தபால்காரன் மாதம் ஒருமுறைதான் வருவான். மற்ற நாட்களில் கடைக் கதவுதான் தபால் பலகை. முன்னால் போனவர்கள் எழுதி அனுப்புவதை அதில் ஆணியடித்து வைப்போம். பின்னால் வருகிறவர்கள் படித்து வழியை முடிவு செய்வார்கள்.

ஜூன் கடைசியில் ஹைரம் என்பவர் குறுக்குப் பாதையிலிருந்து ஒரு குதிரைக்காரனிடம் கடிதம் கொடுத்தனுப்பினார். ஊற்று வற்றிவிட்டது, மூன்று நாள் தூரத்துக்குத் தண்ணீரே இல்லை, யாரும் வரவேண்டாம் என்று எழுதியிருந்தார். கடை ஆள் கிதியோன் சுத்தியலோடு வந்து, "ஆணி அடிச்சிரட்டுமாம்மா?" என்றான். அந்தப் பாதை என் வாசலில்தான் தொடங்குகிறது. செய்தி பரவினால் எல்லோரும் என் கடைப்பக்கமே வராமல் வடக்குப் பாதையில் போய்விடுவார்கள். "அடி, நல்லா அடி. அப்புறம் நீயும் நானும் மண்ணைத் தின்னலாம்" என்றேன். கடிதத்தை மாவுப் பீப்பாய்க்கு அடியில் செருகினேன். யார் கேட்டாலும் வழி நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். அப்படிச் சொல்லவைத்தது நான், குற்றம் அவனுடையது இல்லை.

ஜூலையில் கோட்டையில் ஒரு பிரசவம் பார்க்கப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டேன். அப்போதுதான் ஆமோஸ் வந்திருக்கிறார். எனக்காகக் காத்திருக்க வண்டிக் கூட்டத் தலைவர் விடவில்லையாம். வழி நன்றாக இருக்கிறது என்று சொல்லி கிதியோன் அவரையும் குறுக்குப் பாதையில் அனுப்பிவிட்டான். திரும்பி வந்ததும் கிதியோனை அறைந்தேன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அவரு யாருன்னு சொன்னாரும்மா. யாரு கேட்டாலும்னுதானே நீங்க சொன்னீங்க" என்றான்.

வழியில் எறிந்துவிட்டுப் போன சாமான்களைப் பொறுக்கிவந்து அடுத்த வண்டிக்கு விற்பது எங்கள் வழக்கம். போன வாரம் கிதியோன் குறுக்குப் பாதையிலிருந்து சாய்ந்தாடும் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தான். கைப்பிடியில் நம் வீட்டு நாய் கடித்த தழும்பு இருக்கிறது; உன் நாற்காலிதான். "மாடு நாலும் செத்துக் கிடந்துச்சு. கொஞ்சம் தள்ளி ஒரு மண்மேடு, பலகையில பேரு எழுதியிருக்கு" என்றான். மெர்சி, உன் புருஷன் பெயர்தான்.

தபாலில் சேர்க்கச் சொல்லி ஆமோஸ் கடையில் உனக்கு ஒரு கடிதம் விட்டுப்போயிருந்தார். பிரித்துப் படித்தேன். 'குறுக்குப் பாதை நல்லது என்று உன் அக்கா கடையில் சொன்னார்கள். வேறு இடமாக இருந்தால் இன்னும் இரண்டு பேரை விசாரித்திருப்பேன். நம் வீட்டு வார்த்தை என்பதால் கேட்கவில்லை' என்று எழுதியிருக்கிறார். எரித்துவிட இரண்டு முறை அடுப்பருகே போனேன். முடியவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

ஹைரமின் கடிதத்தை நேற்று நானே கதவில் அடித்தேன். வண்டிகள் வடக்குப் பாதைக்குத் திரும்பிப் போகின்றன. நாற்காலியை விற்கவில்லை.

நீ வராதே. வந்தே தீருவாய் என்றால் வடக்குப் பாதையில் வா. இந்தக் கடையில் யாரிடமும் வழி கேட்காதே, என்னிடமும் கேட்காதே. கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாராக.

இப்படிக்கு,
கடைக்காரி கெத்தூரா