மாடி ரூமுக்கு மேலே நின்ற தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், இந்தத் தடவை அந்த வார்த்தையைப் போடக் கை வரவில்லை. உடனே பதறாதே, உன் அப்பா முழுசாகத்தான் இருக்கிறார், கோபத்துக்கும் குறைச்சல் இல்லை. பதற வேண்டிய விஷயம் வேறே, அதைச் சொல்கிறேன், ஆனால் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் வீட்டுக்குப் போன் போட்டுவிடாதே. இதைப் போனில் பேச முடியாது. வீட்டில் இருப்பது ஒரே போன், அது உன் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது, நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் எனக்கே குரல் கொடுப்பார். அதனால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து காகிதத்தில் எழுதுகிறேன். இதை ட்ரோன்காரப் பெண் தன் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். கூடவே நம் கூரையின் படமும் வரும். அவள் யார், நம் கூரைக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

எதிர்வீட்டுப் பெரிய மனுஷனை உனக்குத் தெரியும், பழைய மரக்கடை இருந்த இடத்தில் கண்ணாடியும் பளபளப்புமாக வீட்டைக் கட்டி, காரைத் தெருவிலேயே நிறுத்தி நம்மையெல்லாம் சுற்றிப் போகவிடுகிறாரே, அவர்தான். அந்த வீட்டை விற்கப் போகிறார். வாங்க வந்தவர்கள் விவரமானவர்கள், கூரையைப் பரிசோதிக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். தெருவில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் அந்த ட்ரோன் கருவியை வைத்தாள், அது வண்டு மாதிரி இரைந்துகொண்டு கிளம்பியது, தெரு நாய்களெல்லாம் வானத்தைப் பார்த்துக் குரைத்தன. பெரிய மனுஷன் வாசலில் நின்றுகொண்டு, புது வீடும்மா, ஒரு பொட்டு ஈரம் கிடையாது, உனக்கு இன்னிக்கு வேலையே இல்ல என்று நீட்டி முழக்கினார். அவள் கையில் இருந்த திரையைப் பார்த்தபடியே, சார், சோலார் பலகை மாட்ட போல்ட் போட்ட எடத்துலெல்லாம் தளத்தைத் துளைச்சிருக்காங்க, தண்ணி உள்ள எறங்கியிருக்கு, இதோ நீலமாத் தெரியுது பாருங்க என்றாள். ஈரம் இருக்கிற இடத்தை வேறு நிறத்தில் காட்டுகிற கேமராவும் அதில் உண்டாம். அவர் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆனதை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த எரிச்சலில்தான், எங்க வீட்டையே குடையுறியே, எதிர்ல ஒரு கிழட்டு வீடு நிக்குதே, அதுக்கு மேல விட்டுப் பாரேன் என்று நம் பக்கம் கையைக் காட்டினார். நான் ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, பாக்கட்டுமாம்மா என்று கேட்டாள், தாராளமாப் பாரு, எங்க வீட்ல மறைக்க என்ன இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

முதலில் முன்பக்கத்து ஓட்டுக் கூரைக்கு மேலே போனது. நாலைந்து ஓடு நகர்ந்திருக்கிறது, மூலையில் பாசி, அதெல்லாம் வயசான வீட்டுக்கு நரைமுடி மாதிரி, பயமில்லை என்றாள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு அதற்குப் பின்னால், வீட்டு நடுவில் அப்பா உனக்காகக் கட்டிய மாடி ரூமுக்கு மேலே போனது. அங்கே போனதும் ட்ரோனை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள். திரையை என் பக்கம் திருப்பினாள். ஏதோ குளத்தைக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். குளம்தான், நம் வீட்டு உச்சியில். பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் இன்னொரு விரிப்பு, அதற்கும் மேலே இன்னொன்று, சுற்றிலும் செங்கல்லும் மணல் மூட்டையும், நடுவே முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். ஓரத்தில் ஒரு செடி முளைத்துப் பூத்துக்கூட இருந்தது. யாரும்மா இப்பிடி மூடி வச்சது என்று கேட்டாள். வேறு யார். நீ கடைசியாக வந்தபோது அந்த ரூமில் படுத்து எழுந்து, லேசா ஈர வாடை வருதுப்பா என்று ஒரு வார்த்தை சொன்னாயே, நீ மறந்திருப்பாய், அவர் மறக்கவில்லை. அதிலிருந்து மழைக்காலம் வருவதற்கு முன்னால் ஏணி போட்டு ஏறி ஒரு விரிப்புப் போடுவார், அது கிழிந்ததோ இல்லையோ அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொன்று. தண்ணீர் வடிகிற ஓட்டையையும் சேர்த்து மூடிவிட்டார். முழங்கால் போன பிறகு ஏறுவதும் நின்றது. ரூமுக்கு மேலே அந்தத் தளத்துக்குப் படிக்கட்டும் கிடையாது, கீழே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, அது பாட்டுக்கு நின்று ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது.

உன் அண்ணன் வந்து மேலே ஏறி எல்லாவற்றையும் பிய்த்து எறிந்து ஓட்டையைத் திறந்துவிட்டான். கொட்டிய தண்ணீரில் பின்வாசலே மிதந்தது. அப்பா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ரூமுக்கு ஈரம் படக்கூடாதுன்னுதானேடா போட்டேன் என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது. சரி, தண்ணீர் போயிற்று, விட்டது சனி என்று நினைத்தேன். விடவில்லை. அண்ணன் ஓர் இன்ஜினியரைக் கூட்டி வந்தான். அவர் நடுச்சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், கூரை உத்தரம் சுவருக்குள் போகிற இடத்தில் விரலால் தோண்டினார், மரம் பிண்ணாக்கு மாதிரி உதிர்ந்தது. தண்ணீர் அத்தனை வருஷமாக அந்தச் சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. மாடி ரூமின் பாரம் முழுக்க அதே சுவரின் தலையில். அந்த ரூமை இடிச்சு எறக்கிட்டா கீழ் வீட்டைக் காப்பாத்திரலாம், எறக்கலேன்னா ஒரு பெருமழைக்கு நான் பொறுப்பில்ல என்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் முன்கூடத்தில் யாரும் படுக்கக் கூடாது என்றார். உன் அப்பாவின் கட்டில் எங்கே கிடக்கிறது என்று உனக்குத் தெரியும், சரியாக அந்தச் சுவரை ஒட்டி. நான் கட்டிலைப் பின்கட்டுக்கு இழுத்துப் போட்டேன், கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் அது பழைய இடத்தில் இருந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி அங்கே. முழங்கால் வலிக்கிறது என்று ஒரு டம்ளரைக்கூட நகர்த்தாத மனுஷன், கட்டிலைத் தனியாக நகர்த்துகிறார்.

அந்த இன்ஜினியர் போகும்போது சுவர் விரிசலின் குறுக்கே ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டிவிட்டுப் போனார், இது கிழிஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம், உடனே வெளிய வந்துருங்க என்றார். நான் அடுப்பைப் பார்க்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் காகிதம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் நேர்கோடு போட்டிருந்தது, வெள்ளைக் காகிதத்தில் ஏது கோடு? கிட்டப் போய் நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்ஜினியர் ஒட்டியது இரண்டாகக் கிழிந்து கிடக்கிறது, அதன்மேல் நோட்டிலிருந்து கிழித்துப் புதுசாக ஒன்றை ஒட்டியிருக்கிறார் உன் அப்பா. கேட்டால், பழசு அழுக்காயிடுச்சு, மாத்தினேன் என்கிறார். இதைக் கேட்டுச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா, நீயே சொல். ட்ரோன் படத்தைக் காட்டினால் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார். மேலேருந்து பாத்தா எவன் வீடும் ஓட்டையாத்தான் தெரியும், இத்தனை வருஷம் டிரைவரா பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்தவன், என் வீடு சாயுறது எனக்குத் தெரியாதா என்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அண்ணன் ஆட்களைக் கூட்டி வந்தான், இடிக்க விடாமல் மாடி ரூமுக்குப் போகிற படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அதோடு விட்டாரா, உன் தங்கச்சிக்குக் கட்டினதுன்னுதானே உனக்குக் கண்ணு உறுத்துது என்று பெற்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அவன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், இப்போது தெருமுனை வரை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போகிறானே தவிர வாசற்படி ஏறுவதில்லை. நானும் ஒரு தடவை, நீங்க வராட்டி நான் போறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டேன், பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. வானம் கொஞ்சம் இருட்டினதும் எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை, நானே திரும்பி வந்துவிட்டேன். இப்போது நானும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுக்கிறேன். விழுந்தால் இரண்டு பேர் மேலும் விழட்டும், வேறே என்ன செய்யச் சொல்கிறாய்.

அவர் ஏன் இப்படிப் பிடித்தபிடியாக இருக்கிறார் என்று உனக்குப் புரியாமல் இருக்காது. அந்த ரூமை அவர் தினமும் கூட்டுகிறார். நீ போனில் தேர்ந்தெடுத்துச் சொன்ன நிறத்தில்தான் ஜன்னலுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறது. குட்டிக்கு வாங்கின மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை, அவங்க வந்து பிரிக்கட்டும் என்கிறார். நீ வருஷா வருஷம், அடுத்த வருஷம் வந்துருவோம்ப்பா, அங்கயே செட்டில் ஆயிருவோம் என்கிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லையடி, உனக்கும் அங்கே ஆயிரம் இருக்கும். இப்ப இடிச்சிரலாம், அவ வந்ததும் புதுசாக் கட்டிக்கலாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்துவிட்டான். அதற்கு அவர், ரூம் இருக்கிற வரைக்கும்தான் அவ வருவா, ரூமே இல்லேன்னா எதுக்கு வருவா என்கிறார். நான் காலைப் பிடித்துக்கூட அழுதுவிட்டேன், அறுபது தாண்டின பிறகு புருஷன் காலைப் பிடித்து அழுகிற நிலைமை எனக்கு. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள், இவர் சித்திரத்துக்காகச் சுவரையும் தன்னையும் சேர்த்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

அதனால் உன்னைத்தான் கேட்கிறேன், உன்னைத் தவிர இதை யாராலும் செய்ய முடியாது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, மற்ற பேச்சுக்கு முன்னால், நான் எழுதுகிறதை அப்படியே சொல்லு: அப்பா, நாங்க இங்கயே இருந்துடலாம்னு முடிவு பண்ணிட்டோம், திரும்பி வரமாட்டோம், எங்களுக்காக அந்த ரூமை வச்சிருக்க வேணாம், எடுத்துருங்க. இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பின்னால பாக்கலாம், எப்பவாவது வருவோம் என்று வால் சேர்த்துவிடாதே, அவர் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவார். சுவரைப் பற்றியோ ட்ரோனைப் பற்றியோ வாயே திறக்காதே, திறந்தால் நான் சொல்லிக் கொடுத்தது என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் உடனே எழுந்து மாடிக்குப் போய் போனில் ரூமைச் சுற்றிக் காட்டுவார், எப்போதும் செய்கிறதுதான். நீ அந்த ஜன்னலைப் பார்க்காதே. பார்த்தால் உன்னால் சொல்ல முடியாது. உன் மேல் கோபப்படுவார், ஒரு மாதம் பேசமாட்டார், பரவாயில்லை, பேசாமல் இருக்கவாவது உயிரோடு இருக்கட்டும். அவர் வாயிலிருந்து, சரி எடுத்துருங்க என்று வந்ததும் அண்ணன் ஆட்களோடு தெருமுனையில் தயாராக நிற்பான். அந்த ட்ரோன்காரப் பெண்ணும் வந்து இறக்க இறக்க மேலே இருந்து பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள், நல்ல பெண்.

இதை எழுதும்போது மத்தியானம். அவர் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விடுகிறார். வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. அவர் ஒட்டின கோடு போட்ட காகிதத்திலும் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது, எழுந்ததும் பசையைத் தேடுவார். பசை டப்பாவை நான் அரிசிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம், மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். உன் கூரையும் ஒரு தடவை யாரையாவது விட்டுப் பார்த்துக்கொள், புது வீடு என்று நம்பி இருந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே. நீ சொல்லும்போது நானும் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், கண் கலங்கினால் நடிக்கிறேன் என்று நினைத்துக்கொள், நீ நிறுத்திவிடாதே. எல்லாம் முடிந்த பிறகு, வரமாட்டோம் என்று நீ சொன்னது அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதா, நிஜமாகவே சொன்னதா என்று என்னிடம் மட்டும் சொல்லிவிடாதே. நானாகக் கேட்டாலும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்
அம்மா