எங்கள் இருவருக்கும் ஒரே கிளிப்

14-5-1989, ஞாயிறு

ஏழு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த என் குட்டி விமானம், முதல் தடவை மேலே ஏறிய இரண்டாவது நிமிடமே இரும்புலியூர் ஏரித்தரையில் தலைகுப்புற விழுந்து நொறுங்கியது. எனக்கும் சேகருக்கும் ரிமோட்டில் ஒரே அலைவரிசை. ஒருவன் பறக்கவிடும்போது மற்றவன் ஆன் செய்தால் விமானம் காலி. அதற்காகவே ஒரு துணி கிளிப் வைத்திருக்கிறோம். அதைக் காலரில் மாட்டியவன்தான் ரிமோட்டைத் தொடலாம்.

"அறிவிருக்காடா? உன்னை எவன்டா ஆன் பண்ணச் சொன்னான்?" என்று எல்லோர் முன்னாலும் சேகரின் காலரைப் பிடித்தேன்.

"ஸாரி மச்சான், தப்பு என்னுதுதான்" என்று குனிந்து உடைந்த இறக்கையைப் பொறுக்கினான்.

பிடித்தபோதே கிளிப் என் கையில் பட்டது. அவசரத்தில் அதை எடுக்காமல் பறக்கவிட்டவன் நான். அவனுக்கும் அது தெரியும். யாரிடமும் சொல்லாமல், பெரிய மனுஷன் மாதிரி என்னைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறான், ராஸ்கல்.